எவ்வளவு நேரம் தாங்கும்?

ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. கைலாஷ் இரண்டு வாளி பிடித்து வைத்தான். பால் காய்ச்சினான். காபி குடித்தான். சட்டையை இஸ்திரி போட்டான். சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்து டப்பாவில் அடைத்தான். ஏழே காலுக்குக் கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுப் பாகீரதி மாமியிடம் கொடுத்தான்.

“இன்னிக்கும் மோர் சாதம்தானாடா?”

“ஆமாம் மாமி.”

“எட்டு மாசமா அதேதான். நாக்கு செத்துப்போயிடும், கேட்டயா.”

மனைவி ஸ்நேகா போய் எட்டு மாதம். பத்தாம் நாள் சடங்கன்று இதே மாமிதான் கேட்டாள், “கடைசியா ஏதாவது சொன்னாளாடா?” என்று. ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டான். எல்லோருக்கும் அதே பதில்தான்.

ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். கழக்கூட்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அவனுடைய கம்பெனி, ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்ப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அந்தப் பம்புக்குள் ஓடும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் கைலாஷின் பொறுப்பு. திரை, பொத்தான்கள், மோட்டார், சென்சார் என்று பதினொரு உறுப்புகள். ஏதாவது நேர்ந்தால் ஒவ்வொன்றும் கர்னலைக் கூப்பிடும். கர்னல் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு இன்டரப்ட் என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து கூப்பிட்டால் யாரை முதலில் பார்ப்பது? அதற்காக அந்தந்த உறுப்பின் புரோகிராமை எழுதுகிறவரே, எங்கள் வேலை எவ்வளவு அவசரம் என்று ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு எண்ணைக் கொடுக்கும்படி வைத்திருந்தான் கைலாஷ். ஒன்று என்றால் முதலில், ஏழு என்றால் கடைசியில்.

குழாயில் காற்றுக் குமிழி வந்தால் பம்ப் அக்கணமே நிற்க வேண்டும். நேற்றைய சோதனையில் நிற்கவில்லை. குமிழி ஊசிமுனை வரை போய்விட்டது. ஊசியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள்தான் விட்டிருந்தார்கள்.

குமிழி சென்சாரின் புரோகிராமை எழுதியவன் பிரஜின். மார்த்தாண்டத்துக்காரன்.

“ஏழு போட்டிருக்கியே, ஏன்?” என்றான் கைலாஷ்.

“அது எப்பவாச்சும் ஒருக்காதானே அண்ணே வருது? திரை செகண்டுக்கு அறுபது தடவ வருது. பாவம், அது முன்னால போகட்டும்னு விட்டேன்.”

“நீ ஸ்கூல்லயும் கடைசி பெஞ்ச்தானே? அதான் சென்சாரையும் அங்கயே கொண்டு போய் உட்கார வச்சிருக்க,” என்றாள் குழுத்தலைவி அனுஷா. பிரஜின் சிரித்தான். கைலாஷ் சிரிக்கவில்லை.

“சரி, ஏழ ஒண்ணாக்கு. முடிஞ்சது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க,” என்றாள் அனுஷா.

“முடியல,” என்றான் கைலாஷ். “அந்த எண்ணையே எடுத்துடணும்.”

“எடுத்துட்டு?”

“எவ்வளவு அவசரம்னு கேட்கக் கூடாது. எவ்வளவு நேரம் தாங்கும்னு கேட்கணும். குமிழியைப் பார்க்காம விட்டா எத்தனை மில்லிசெகண்ட்ல ஆபத்து? திரையை விட்டா எத்தனை? அவங்க அதைச் சொல்லட்டும். யார் முதல்லங்கறதைக் கர்னல் கணக்குப் போடும்.”

“பதினொரு புரோகிராமையும் மாத்தணுமே கைலாஷ்!”

“நான் மாத்தறேன்.”

“ஒரு நம்பர்ல தீர்ற காரியத்துக்கு இவ்வளவு பாடா? இந்தப் பையன் ஒருத்தன் தப்பா போட்டுட்டான். மத்தவங்க சரியாத்தானே சொல்லியிருக்காங்க? எல்லாரும் பொய் சொல்லுவாங்கன்னு நெனச்சுக்கிட்டு டிசைன் பண்ண முடியுமா?”

“பொய் இல்ல. எப்பவாவது கூப்பிடறவங்க குறைச்சுதான் சொல்லுவாங்க. நம்ம வேலை கெடக் கூடாதேன்னு. நாமளும் அதை நம்பிடுவோம்.”

குரல் உயரவில்லை. ஆனாலும் அனுஷா பிரஜினைப் பார்த்தாள். பிரஜின் வாளியைப் பார்த்தான்.

“இந்த டிசைன் யாரோடது?” என்றாள் அவள், கொஞ்சம் தணிந்து.

“என்னோடதுதான்.”

“திங்கட்கிழமை காலையில முடிஞ்சிருக்கணும். அதுக்கு மேல ஒரு நாள் கேட்காதீங்க. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

கைலாஷ் தன் இடத்துக்கு வந்து ஃபைலைத் திறந்தான். உச்சியில் அவன் பெயர், கடைசியாகத் திருத்திய தேதி, நேரம். மார்ச் பதினான்கு, பதினொன்று ஐம்பது. எட்டு மாதமாக அவன் இதைத் திறக்கவே இல்லை.

அவசர எண் கேட்கும் வரியை அழித்தான். அந்த இடத்தில் ‘தாங்கும் நேரம்’ என்று வைத்தான். காலியாக விட்டால் கர்னல் ஏற்காது என்று அடுத்த வரியில் எழுதினான். பிரஜின் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“குமிழிக்கு எவ்வளவு அண்ணே?”

“நீதான் சொல்லணும். அளந்து சொல்லு. தோராயமா சொல்லாதே.”

பிரஜின் எழுந்து போனதும் கைலாஷ் மேஜை மேலிருந்த போனைப் பார்த்தான். அன்று அது பத்து நாற்பதுக்கு அடித்தது. ஸ்நேகா ஆபீசுக்குக் கூப்பிடுகிறவள் அல்ல. கல்யாணமான இரண்டு வருஷத்தில் மூன்றோ நான்கோ தடவை. அவன் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இப்போது அழித்த அதே வரியை அடித்துக்கொண்டே பேசினான். வயிறு வலிக்கிறது என்றாள். ரொம்பவா என்று கேட்டான். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. நிற்க முடிகிறதா என்று கேட்கவில்லை. வரியை முடித்து, சோதித்துப் பார்த்து, ஃபைலைச் சேமித்துவிட்டுத்தான் எழுந்தான். வீட்டுக்குப் போனபோது மணி ஒன்று. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல் போகவில்லை. ரொம்பவா என்று அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

“கொஞ்சம்தான். அவசரம் ஒண்ணும் இல்லே, நீங்கோ வேலையை முடிச்சுண்டே வாங்கோ.”