பூட்டிய குளியலறை

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் அந்த ஆலையில் தொழிலாளர்களுக்கென்று ஒரு குளியலறை இருந்தது. அதற்குச் சாட்சி வாசலில் பதித்த கல்வெட்டு. திறந்துவைத்தவர் பெயருக்குப் பின்னால் நாலு பட்டம். அன்றைக்கு மேலாளர் தொழிலாளர் நலம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்த கையோடு பூட்டிவிட்டார். இவர்களை உள்ளே விட்டால் அழுக்காக்கிவிடுவார்களாம். அப்புறம் பார்வையிட வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது?

“நாலு பட்டம் வாங்கினாத்தான் நமக்குக் குளியல்டா” என்று உலைக்காரனிடம் சொன்னான் கூட வேலை பார்க்கும் மொட்டை.

உலைக்காரன் சிரித்துவிட்டு, உடம்பெல்லாம் சாம்பல்நிறத் தூசோடு வீட்டுக்குப் போவான். சைக்கிள் சத்தம் கேட்டதும் நாலு வயது மகள் ஓடிவந்து அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கழற்றிப்போட்ட அதே சட்டையைக் கட்டிக்கொண்டு, காலரைச் சப்பியபடிதான் தூங்குவாள். அப்பா செல்லம் என்று தெருவே சொன்னது. ஆனால் இரண்டு வயதில் பேசிய வார்த்தைகளில் பாதியை இப்போது காணோம். நாலு முறை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி மகளைக் காட்டினான். டாக்டரம்மா அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். அவன் வேலையைக் கேட்டார். பிறகு சட்டையைப் பற்றிக் கேட்டார்.

“அந்தத் தூசுல இருக்கிறது ஈயம். வளர்ற மூளையைத்தான் அது முதல்ல பிடிக்கும். இனிமே உள்ள போகாம பாத்துக்கலாம். ஆனா இதுவரைக்கும் கெட்டது கெட்டதுதான்.”

அவன் தலையாட்டினான். டோக்கனைத் திருப்பித் தரணுமா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, குளியலறைச் சாவியைக் கேட்டான்.

“அடுத்த வாரம் பெரியவங்க வர்றாங்கப்பா. டைல்ஸ் இப்பத்தான் பளபளன்னு இருக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்கோ.”

ஆனாலும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கென்று ஒரு படப்புத்தகம் கொடுத்தார். அட்டையில் ஆலையின் சின்னம். கொடுக்கும்போது போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அட்டைமேல் தூசு படிந்திருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

வீட்டு வாசலில் மனைவி வாளித் தண்ணீரோடு நின்றாள். அவளைத் தாண்டிக்கொண்டு மகள் ஓடிவந்தாள்.

“கிட்ட வராத.”

ஒரே தடவைதான் சொன்னான். நின்றுவிட்டாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவன் சட்டையைக் கழற்றிச் சுருட்டினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.