வரைபடத்தில் இல்லாத அறை

சுவர்களின் கனத்தைக் கழித்துப் பார்த்தாலும் எட்டு அடி காணவில்லை. பழுது பார்ப்பதற்கு முன் ரயில் நிலையத்தை வரைபடமாக எடுக்க வந்திருந்தவள் மூன்று முறை நாடாவை இழுத்துப் பார்த்தாள். கணக்கு உதைத்தது. பிளாட்பாரத்துப் பக்கம் மூன்று வளைவுகள். நடு வளைவை மட்டும் வேறு நிறச் செங்கல்லால் அடைத்திருந்தார்கள். பழைய வரைபடமோ அந்த இடத்தைக் கெட்டிச் சுவர் என்று கறுப்பாகக் காட்டியது. அதன் அடியில் இருந்த கையெழுத்து அவள் அப்பாவுடையது. அவரும் ரயில்வே வரைவாளர்தான்.

மதியம் இரண்டரை வண்டி கிளம்பியதும் அந்தச் சுவருக்குள் செருப்புகள் உரசி நடக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டீங்களா சார்?"

"பழைய கட்டடம், வண்டி போனா அதிரத்தாம்மா செய்யும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

மறுநாள் காலை கொத்தனார் நடு வளைவை உடைத்தார். உள்ளே ஓர் அறை. தரையில் வரிசை வரிசையாகச் செருப்புகள், ஒவ்வொரு ஜோடியிலும் எண் எழுதிய அட்டை. கொத்தனார் கடப்பாரையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். "நடு வளைவைத் திறந்துட்டோம்ப்பா."

"நாப்பத்தொரு ஜோடியும் இருக்கா?" என்றார் அவர்.

செருப்பைப் பற்றி அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"பாலத்துல வண்டி கவுந்தப்ப அந்த ரூம்லதான் செத்த நாப்பத்தொரு பேரையும் கிடத்தினோம். பதினெட்டு பேர்தான் செத்தாங்கன்னு மேல எழுதிட்டாங்க. மிச்சப் பேர் வண்டியிலயே ஏறலையாம். ராவோட ராவா எரிச்சுட்டு, ரூமை அடைக்கச் சொன்னாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க என் கை மைதான் கிடைச்சுது, கண்ணு."

அன்றே அவள் அறையை அளந்து வரைந்தாள். அதை அழிக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து வந்த போனுக்கு, "இருக்கிறதைத்தான் சார் வரைய முடியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செய்தி பரவி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் நரைத்த தையல்காரர். அவள் அப்பாவும் அன்று வந்திருந்தார். தையல்காரர் ஒரு நீலச் செருப்பின் அறுந்த வாரில் இருந்த தையலைத் தடவிப் பார்த்தார்.

"இது நான் சின்ன வயசுல தச்சது. எங்கம்மா அந்த வண்டியில ஏறவே இல்லைன்னு ரயில்வேயில சொல்லிட்டாங்க. ஓடிப்போனவள்னு எங்கப்பா சாகுற வரைக்கும் அவங்க பேரை எடுக்கல. நானும்தான்."

அவள் அப்பா அவர் முன் கைகூப்பினார். தையல்காரர் அவரைக் கவனிக்காமல் செருப்பைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.