பத்து கிராம் காற்று

நாச்சிமுத்துவுக்கு முதலில் துரோகம் செய்தவன் மருதாசலம். காற்றெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கரட்டுப்பாளையத்துக் கார் பந்தயத்தில் எந்தக் கார் முந்தி வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு காரும் தன் மேல் எவ்வளவு காற்றைத் தொற்றவைத்துக்கொண்டு வந்தது என்றுதான் பார்ப்பார்கள். கோட்டைத் தாண்டியதும் காற்றை இறக்கிச் சாக்கில் பிடித்து, பருத்தி எடை போடுகிற தராசில் ஏற்றுவார்கள். குறைந்த காற்றோடு வந்த காருக்குக் கோப்பை.

முப்பத்தேழு வருஷத்துக்கு முன் அந்தக் கோப்பையை மருதாசலத்தின் சிவப்பு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது. பதினோரு கிலோ. காரின் வாலை வெட்டியவர் டிங்கர் நாச்சிமுத்து. முட்டை மாதிரி உருண்டு முடிந்த பின்பக்கத்தை ஒரே நேராக நறுக்கி, ஓரத்தில் விரல் மொத்தத்துக்கு ஒரு விளிம்பைத் தூக்கிவிட்டார். உருண்டையாக இருந்தால் காற்று வழுக்கிக்கொண்டே வந்து பின்னால் படுத்துக்கொள்ளும். வெட்டு இருந்தால் இறங்க வேண்டிய இடம் அதற்குத் தெரியும். மருதாசலம் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கில் சொன்னான்: "டிங்கர் வாலைக் கெடுத்துட்டானுங்க. அதையும் மீறித்தான் இந்த வண்டி ஜெயிச்சிருக்குது."

நேரில் அவனை நாச்சிமுத்து 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். மனசுக்குள் அன்றிலிருந்து 'அவன்'. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இந்த வருஷம் மருதாசலம் அதே காரோடு பட்டறைக்கு வந்தான். நடுவில் எவனோ வாலைத் திரும்ப உருட்டி, பாலிஷ் போட்டுக் கொடுத்திருந்தான். போன பந்தயத்தில் முப்பத்தேழரைக் கிலோ. சாக்கை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

"எனக்கும் எழுபத்தெட்டு ஆகுதப்பா. சாகறதுக்குள்ள இன்னொரு கோப்பை வேணும்."

"எனக்கு ஒரு வார்த்தை வேணும் முதலாளி. அதே மைக்குல. 'அந்த வாலை வெட்டினது நாச்சிமுத்து.' பேரு கடைசியில வரோணும். அப்பத்தான் மைக்குல கொஞ்ச நேரம் நிக்கும்."

"இவ்வளவுதானா? காரையே கேப்பியோன்னு பயந்துட்டேன்."

நாச்சிமுத்து கார் முழுக்க நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டச் சொன்னார். நூல் படிந்து கிடந்த இடத்தில் காற்று போய்விட்டது. நூல் சுழன்ற இடத்தில் குடும்பத்தோடு குடியிருந்தது. பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நாலு கிலோ. கழற்றினார். விளக்குக் குழிகளில் ஐந்து. மூடினார். கதவின் கைப்பிடிகள், வைப்பர், முன்கண்ணாடிச் சட்டம் எல்லாம் போயின.

"முன்கண்ணாடி இல்லாட்டி வாயில பூச்சி பூந்துருமே?"

"வாயை மூடிட்டு ஓட்டுங்க முதலாளி. உங்களுக்குக் கொஞ்சம் சிரமந்தான்."

வாலில் மட்டும் இருபது கிலோ தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பழையபடி நறுக்கினார். இந்த முறை இன்னும் நேராக. அவர் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வெட்டு விழுந்ததில்லை.

பந்தயத்தன்று கார் வந்து நின்றது. எடைக்காரர் குப்புராஜ் சாக்கைக் கட்டித் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். மருதாசலம் மைக்கைப் பிடித்து உதட்டை அசைத்தான். ஒன்றும் வரவில்லை.

"பேசறதுக்குக் காத்து வேணுமில்லீங்க? வண்டியில கொண்டு வந்தாத்தானே?" என்றார் குப்புராஜ்.

அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முப்பத்தேழு வருஷத்துக்கு முன் பேசிய அன்றைக்கு அவனிடம் பதினோரு கிலோ இருந்தது.

"எனக்குச் சொல்ல வேண்டியதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

குப்புராஜ் விரல் விட்டு எண்ணினார். "முந்நூறு கிராம். அதுல உங்க பேரு பத்து கிராமுங்க. லேசான பேருதான்."

நாச்சிமுத்து பக்கக் கண்ணாடியைத் திரும்ப மாட்டி, மருதாசலத்தை இன்னொரு சுற்று அனுப்பினார். கண்ணாடி நாலு கிலோவைப் பிடித்தது. காற்று வால்வரை வந்தது, வெட்டைப் பார்த்தது, இறங்கிப் போனது. தராசில் இருநூற்றுத் தொண்ணூறு கிராம்.

மருதாசலம் மைக்கில் சொன்னான்: "அந்த வாலை வெட்டினது."

அதோடு தீர்ந்துவிட்டது. ஜனங்கள் காத்திருந்தார்கள்.

"இன்னொரு சுத்து."

வைப்பரை மாட்டினார். கைப்பிடிகளை மாட்டினார். விளக்குக் குழிகளைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் இருநூற்றுத் தொண்ணூறு. வெட்டு நேரானது, எந்தக் காற்றுக்கும் சலுகை காட்டவில்லை.

குப்புராஜ் அருகில் வந்தார். "நாச்சின்னு மட்டும் சொல்லச் சொன்னா அஞ்சு கிராம் மிச்சமாகுமுங்க."

"அப்பவும் அஞ்சு குறையுது. அதுவுமில்லாம எங்கப்பன் முழுசாத்தான் வச்சாரு."

மருதாசலம் காரின் வாலைக் காட்டி, உள்ளங்கையால் காற்றில் ஓர் உருண்டை வரைந்தான்.

"உருட்டி விடவா? அதுல கை வச்சா அப்புறம் நீங்க சொல்றதுக்கு என்ன இருக்குது முதலாளி? இன்னொரு சுத்து."

மூன்றாம் நாள் பருத்தி ஏலத்துக்கு மைதானம் வேண்டும் என்றார்கள். ஏலம் நடுவில் நடந்தது. கார் சுற்றிலும் ஓடியது. சுற்றச் சுற்ற மருதாசலம் வழவழப்பாகிக்கொண்டு வந்தான். முதலில் மூக்குக் கண்ணாடி போனது. பிறகு மீசை. ஆறாம் நாள் காது இருந்த இடம் நன்றாக மட்டமாகிவிட்டது. "இப்பத்தானுங்க வண்டிக்கு ஏத்த டிரைவர்" என்றார் குப்புராஜ்.

ஒன்பதாம் நாள் சீட்டில் யாரும் இல்லை. கார் தானாகக் கோட்டைத் தாண்டி மைக்குக்கு முன்னால் நின்றது. குப்புராஜ் காற்றை இறக்கி எடை போட்டார். இருநூற்றுத் தொண்ணூறு.

"அந்த வாலை வெட்டினது" என்றது கார்.

நாச்சிமுத்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு சுத்து."