தளிர் என்று எழுதிய இலை

செலஸ்டின் சொன்னதைப் பூதலிங்கம் பிள்ளை கேட்டிருக்கலாம். ஆனால் தோட்டக்காரன் பேச்சைக் கேட்டால் குமாஸ்தா உத்தியோகத்துக்கு என்ன மரியாதை?

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று, கார்த்திகை மாதம். நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, குளிர்ந்த மலைமேல், சர்க்கார் தோட்டத்தில் ஜப்பானிலிருந்து வந்த மேப்பிள் மரம் ஒன்று நின்றது. அதன் இலைகளைக் காகிதத்துக்குள் வைத்து அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, விவரம் எழுதித் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவது பிள்ளையின் வேலை. அன்று இலைகளெல்லாம் சிவந்திருந்தன. கொல்லயில் என்ற ஊரில் மாமரங்களுக்கு நடுவே வளர்ந்தவருக்குச் சிவந்த இலை என்றால் இளசுதான். அட்டையில் 'தளிர்' என்று எழுதினார்.

"தளிரில்ல ஏமானே, விழப்போற இலையாக்கும். தொட்டாலே காம்பு விட்டுப்போவுது" என்றான் செலஸ்டின். காரோட்டுக் கடற்கரை மீனவக் குடும்பம். மூன்று வருஷமாக அந்த மரத்துக்குத் தண்ணீர் விட்டவன் அவன்தான்.

"எலே, மீனப்பத்தி நீ சொல்லு. மரத்தப்பத்தி நான் சொல்லுகேன்."

மார்கழியில் மரம் மொட்டையாகிவிட்டது. தளிர்விட்ட மரம் ஒரே மாதத்தில் எப்படி மொட்டையாகும் என்று மேலதிகாரி கேட்டு எழுதினார். அதற்குள் பிள்ளைக்கே சந்தேகம் வந்திருந்தது. என்ன செய்ய, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். 'தோட்டக்காரனின் கவனக்குறைவால் மரம் பட்டுப்போயிற்று' என்று பதில் எழுதினார். செலஸ்டினுக்கு வேலை போயிற்று.

மாசிக் கடைசியில் அந்தப் பட்ட மரம் கிளை கிளையாகத் துளிர்த்தது. செய்தது பாவம் என்று பிள்ளைக்கு உறைத்தது. மறுநாளே விடுப்புச் சொல்லி மலையிறங்கி, காரோட்டுக்கு வண்டி பிடித்தார்.

செலஸ்டின் மணலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"மரம் துளிர்த்துட்டு மக்கா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "தெக்குப் பக்கத்துக் கொம்பும் உண்டா ஏமானே?"

"உண்டு. எல்லாம் எனக்க தப்பாக்கும். தெரியாம எழுதிப்போட்டேன். நீ பொறுக்கணும்."

"அதுக்கென்ன ஏமானே, பொறுத்தாச்சு." செலஸ்டின் கையிலிருந்த வலையைக் கீழே போட்டான். "அப்போ ஆபீசுக்கு எழுதியாச்சு இல்லியா? நான் எப்போ வரணும்?"

மன்னிப்புக் கேட்க இத்தனை தூரம் வந்த மனிதருக்கு, ஒரு வரி எழுதித் தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்ளும் தைரியம் மட்டும் வரவில்லை.

"பாக்கலாம் மக்கா" என்று சொல்லிவிட்டு, வண்டியை நோக்கி நடந்தார்.