தலைமைப் பொறியாளர் வீட்டுத் தண்ணீர்

குடிநீர் வாரியத் தலைமைப் பொறியாளர் வீட்டில் ஏழு தங்கமீன்கள் தொட்டியை விட்டு எழுந்து கூடத்துக் காற்றில் நீந்தத் தொடங்கியபோது, அவர் முதலில் ஃபேனை நிறுத்தினார். அடுத்து ஜன்னலைச் சாத்தினார். ஆச்சரியப்படுவது தன் பதவிக்கு ஒவ்வாத காரியம் என்று நினைப்பவர் ஆதலால் அதை மட்டும் செய்யவில்லை.

அவர் பேச்சுக்குப் பேர்போனவர். ஒரு வால்வைத் திருகச் சொன்னாலும் முன்னுரை, முடிவுரை, நன்றியுரையோடுதான் திருகுவார். எந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் அவர் வீட்டு மீன்தொட்டியில் வந்து விழும். குழாயில் வரும் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றுகிறோம், மீன்கள் கொழுகொழுவென்று வாழ்கின்றன, வாரியத்தின் தரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்துவார். முன்பு மீன் கடைக்காரர் ஆன்டி குளோரின் சொட்டுமருந்துப் புட்டியை நீட்டியபோது, "என் தண்ணிக்கு மருந்தா?" என்று கேட்டுக் கடையிலேயே வகுப்பெடுத்தார். மற்ற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவி, கடைசியில் கடைக்காரரே நழுவினார். அன்று முதல் அந்த மருந்து வீட்டுக்குள் வரக் கூடாது என்று தடை. வருஷங்கள் ஓடின. மீன்கள் பெருத்தன, பேச்சும் பெருத்தது. வாரியம் தன் முத்திரையில் ஒரு தங்கமீனைச் சேர்த்துக்கொண்டது.

அவருடைய மனைவி பல் டாக்டர். நாள் முழுக்கப் பிறரை வாய் திறக்கச் சொல்லும் தொழில் என்பதால் வீட்டில் தன் வாயை அநாவசியமாகத் திறக்க மாட்டார். கணவர் ஆபீஸ் போனபின் தொட்டித் தண்ணீரை மாற்றுவது அவர்தான். எப்படி மாற்றினார் என்று கணவர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இல்லறம் அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

தங்கையின் பிரசவத்துக்கு அந்த அம்மாள் வெளியூர் போயிருந்த சமயத்தில்தான், ஓய்வுபெறப் போகிற வாரியத் தலைவர் புகழ்பெற்ற தொட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். பத்திரிகைக்காரர் ஒருவரும் கூட வருவார். தலைவர் நாற்காலி அடுத்து யாருக்கு என்பது அன்றைக்கே முடிவாகிவிடும் என்று பேச்சு. தலைமைப் பொறியாளர் அன்று காலை ரப்பர் ட்யூபும் கையுமாகத் தானே களத்தில் இறங்கினார். மீன்களைக் குண்டானில் விட்டு, பழைய தண்ணீர் முழுவதையும் செடிக்கு ஊற்றி, குழாயிலிருந்து நேராகத் தொட்டியை நிரப்பி, மீன்களை எடுத்து அதில் விட்டு, குண்டானையும் செடியடியில் கவிழ்த்துவிட்டார். மீன்கள் தண்ணீரை ஒரு வாய் குடித்தன. கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு வரிசையாக மேலே எழுந்து வந்துவிட்டன.

அவர் மனைவிக்குப் போன் செய்தார்.

"மீனெல்லாம் மேல வந்துடுச்சு."

"தண்ணிக்கு மேலயா?"

"ஃபேனுக்குக் கொஞ்சம் கீழ."

அந்தப் பக்கம் அழுகிற குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம் கேட்டது. "குழாயிலேருந்து நேரா ஊத்தினீங்களா?"

"தண்ணிய வேற எங்கேருந்து ஊத்துவாங்க?"

அப்போதுதான் அந்த அம்மாள் வாய் திறந்தார். கிருமி சாகட்டும் என்று போடுகிற குளோரின் நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு அதுவே நெருப்பு. முன்பெல்லாம் தண்ணீரைப் பின்கட்டு டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது தானாகப் போய்விடும். பிறகு வாரியம் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்துவிட ஆரம்பித்தது. அந்தக் கலவை சும்மா வைத்தால் போவதில்லை. அதனால் மருந்து வாங்கி, கணவர் தொடாத ஒரே பொருளான மவுத்வாஷ் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறார்.

"யாரைக் கேட்டு அம்மோனியா போட்டாங்க?" என்றார் இவர்.

"உத்தரவுல கையெழுத்துப் போட்டதே நீங்கதாங்க."

"அப்போ இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம்?"

"நீங்க பேசினீங்க. மீன் உசிரோட இருந்துச்சு. இப்ப அது காஞ்சு போறதுக்குள்ள கொஞ்சம் வெந்நீர் விளாவி, விரலுக்குக் குளிராம சுடாம பண்ணி, மருந்தை விடுங்க. மூடியில பாதி."

மவுத்வாஷ் பாட்டிலோடு அவர் கூடத்துக்கு வந்தபோது வாரியத் தலைவரும் பத்திரிகைக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எதையும் பார்த்தவுடன் புரிந்துகொள்பவர் என்று பெயரெடுத்தவர். நம் தண்ணீர் தொட்டியைத் தாண்டிக் கூடம் முழுக்க நிரம்பியிருக்கிறது, தெளிவு அப்படி, கண்ணுக்கே தெரியவில்லை என்று விளக்கம் சொன்னார். பத்திரிகைக்காரர் அதை எழுதிக்கொண்டார். தலைவர் பொறியாளரின் தோளில் கைபோட்டு, "இனிமே இந்த வாரியம் உங்க கையில. நாலு வார்த்தை பேசுங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தாலே நாற்காலி கிடைத்துவிடும். பேசினாலோ இன்னும் பெரிய நாற்காலியே கிடைக்கும். அவர் தொண்டையைச் செருமி, "ஒரு துளி மருந்தும் கலக்காமல்" என்று தொடங்கினார். அப்போது மீன்களில் சின்னது மெல்ல இறங்கி வந்து அவர் சட்டைக் காலரில் உட்கார்ந்தது. அதன் நிறம் வெளுத்து, செதில்கள் காய்ந்த வெங்காயச் சருகு போல நிமிர்ந்திருந்தன. அவர் முகத்துக்கு நேராக அது வாயைத் திறந்து மூடியது. அவரும் திறந்து மூடினார்.

"கொஞ்சம் தள்ளுங்க சார், தொட்டிகிட்ட போகணும்" என்றார் பிறகு. "இது நம்ம தண்ணி. நாம குடிக்கலாம். இவங்களுக்கு ஆகாது. மருந்து விடாம ஊத்திட்டேன். தப்பு என்னோடது."

சமையலறையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து விளாவினார். விரலை விட்டுப் பார்த்தார். பாதி மூடி மருந்தை விட்டு, முழுக்கைச் சட்டையை மடிக்கக்கூடத் தோன்றாமல் தோள்வரை கையை விட்டுக் கலக்கினார். பெரிய மீன் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கியது. மற்றவை பின்னால் போயின. காலரில் இருந்ததை அவரே உள்ளங்கையில் ஏந்தி இறக்கிவிட்டார். அது சற்று நேரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, பிறகு நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது கூடத்தில் யாரும் இல்லை.

நாற்காலி தலைமைக் கணக்கருக்குப் போயிற்று. அவர் எந்தப் பிராணியும் வளர்க்காதவர். முத்திரையில் மீனை எடுத்துவிட்டு ஒரு குழாயைப் போட்டார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய மனைவி, தண்ணீர் மாற்றும் வேலையை அவரிடமே விட்டுவிட்டார். ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மேல் மாற்றக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு. பக்கெட்டை எடுத்த சத்தம் கேட்டதுமே மீன்கள் தாமாக எழுந்து வந்து, வேலை முடிகிறவரை அலமாரிப் பக்கமாகக் கூடி நிற்கின்றன. அவர் பக்கெட்டில் மருந்து கலந்து, விரல் வைத்துப் பார்த்து ஊற்றுகிறார். போன வாரம் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலிலேயே குனிந்துகொண்டு கேட்டார்:

"இன்னிக்குத் தண்ணி மாத்துற நாளா சார்?"

"ஆமாப்பா. சின்னது தலைமுடியில நுழையும், தட்டிவிட்டுடாத."

சிலிண்டர்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சிலிண்டரை உருட்டியபடி உள்ளே போனார்.