ஆலைக்குள் ஓர் ஆள்

நெவிலுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பசுவின் வயிற்றில் குறுக்கே மாட்டிக்கொண்ட கன்றை நடுராத்திரியில் ஒற்றையாளாக இழுத்துப் போடுகிற மனிதன்தான். ஆனால் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று கிடைத்துவிட்டால் போதும், பத்து வயதுப் பையனாகிவிடுவான். அதிலும் கட்டம் கட்டமாக ஆட்களை நகர்த்தி, பேய் பூதங்களோடு படை நடத்துகிற ஆட்டம் என்றால் சாப்பாடும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம். அவன் மனைவி ரொவீனா இதற்காக அவனைக் கேலி செய்யாத நாளில்லை.

அவர்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் கோடையில்தான் வரும். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தனக்குத் தானே ஒரு புது ஆட்டம் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் உடனே ஆடினானா என்றால் இல்லை. பண்ணையில் வைக்கோல் வேலை முடியட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். முதல் தடவை ஆடுவதற்கு அவனிடம் பெரிய சட்டதிட்டமே உண்டு. யாரிடமும் வழி கேட்கக் கூடாது. செத்த ஆளைப் பிழைக்க வைப்பதற்காகப் பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது. நடந்தது நடந்ததுதான். கோவிலுக்குப் போகிறவன்கூட இத்தனை சுத்தபத்தமாக இருக்க மாட்டான்.

அந்த ஆட்டம்தான் இப்போது, தீக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த கண்காட்சித் திடலின் பெரிய கூடத்தில், ரொவீனாவின் மடியில் இருந்தது.

காலையில் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் காட்டுத்தீயின் புகை எழுந்ததுமே வெளியேறச் சொல்லிச் செய்தி வந்துவிட்டது. ரொவீனாவுக்கு ஆஸ்துமா. புகை பட்டால் மூச்சு நின்றுவிடும். அவள் போவது, நெவில் தண்ணீர்த் தொட்டியோடும் பம்போடும் இருந்து வீட்டைக் காப்பது என்று ஒவ்வொரு கோடையிலும் பேசி வைத்ததுதான். பேசும்போது அது சாதாரணமாகத்தான் இருந்தது. காரில் ஏறியபோதோ அவள் சாவியைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள். நெவில் ஜன்னல் வழியாக அந்தக் கருவியை அவள் பையில் திணித்தான்.

"இதையும் பத்திரமாக் கொண்டு போ. ஆனா தொட்டுராத. முதல் ஆட்டம் வாழ்க்கையில ஒரு தடவதான்."

"வீடு எரியப் போகுது, உனக்குப் பொம்மை கேக்குது."

"வீடு எரியாது. நீ கிளம்பு."

கூடத்தில் பாதிப் பள்ளத்தாக்கும் வந்து சேர்ந்திருந்தது. நாய்கள், பூனைக் கூடைகள், கயிற்றில் ஒரு குட்டிக் குதிரை. ஒரு மூலையில் தேநீர் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ ரொட்டியில் சாசேஜ் சுருட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கியவர்கள் தின்னாமல் கையில் வைத்திருந்தார்கள். மதியத்துக்கு முன்பே தொலைபேசிக் கோபுரம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருவர் கைபேசியும் பேசவில்லை.

ரொவீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெறும் கையோடு உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நெவில் திட்டினால் திட்டட்டும் என்று கருவியைத் திறந்தாள். அவன் திட்டுவதற்கு இங்கே வந்தால் போதும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் ஒன்றும் பெரிய மர்மமாக இல்லை. ஒரு ஆற்றங்கரை நாடு. ஆற்றிலிருந்து மூடுபனியோடு பேய்கள் ஏறி வருகின்றன. அவளிடம் ஒரு கோடரிக்காரன், வில் பிடித்த ஒரு பெண், ஒரு மந்திரக்காரி, ஒரு மாட்டு வண்டி. பேய்கள் வருவதற்குள் வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஜனங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். காலியான ஊரில் வெள்ளைக்கொடி ஏற்ற வேண்டும். கொடி பறக்கிற ஊருக்கு வண்டி மறுபடி போகாது, நேரம் மிச்சம். அவள் தன் ஆட்களை எல்லாம் நகர்த்திவிட்டு 'முறை முடிந்தது' என்ற பொத்தானை அமுக்கினால், பேய்கள் நகரும். அமுக்காதவரை எதுவும் நகராது. பேய்கள் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கும்.

இது அவளுக்குப் பிடித்துவிட்டது. வெளியே நெருப்பு யாரைக் கேட்டு நகர்கிறது? இங்கேயாவது அவளைக் கேட்க வேண்டியிருந்தது.

"என்னம்மா அது, கொத்திக்கிட்டே இருக்க? என் கோழிங்ககூட இவ்வளவு கொத்தல" என்றாள் பக்கத்து நாற்காலி மிலென்கா. அடுத்த பண்ணைக்காரி. புகையிலை பயிரிடக் குரோஷியாவிலிருந்து வந்த குடும்பத்தோடு சிறுமியாக வந்தவள். எழுபது வயதிலும் வாய் மட்டும் புதுக் கத்தி. துணிக் கூடையில் நான்கு கோழிகளோடு வந்திருந்தாள்.

"நெவிலோட ஆட்டம். பேய்ங்க வருது, ஊர்க்காரங்களக் காப்பாத்தணும்."

"ஆம்பளைங்க ஊர்ப்பட்ட பேயை அடிப்பாங்க. வீட்டுக் கூரையில இலையைத் தள்ளச் சொல்லு, இடுப்பு வலிக்கும்."

ரொவீனாவுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த ஊரில் கொடியை ஏற்றினாள். வண்டி அந்த ஊரைத் தாண்டி ஆடி ஆடிப் போனது. அப்புறம்தான் கவனித்தாள். அது ஊர் இல்லை, மாவு ஆலை. வண்டி அங்கே இன்னும் நிற்கவே இல்லை. ஆலையின் ஜன்னலில் ஒரு சின்ன உருவம், கையில் மண்வெட்டியோடு, போகிற வண்டியைப் பார்த்தபடி நின்றது.

கொடியை இறக்க வழி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. வண்டியைத் திருப்பப் பார்த்தாள். அது தன் நடையை நடந்து முடித்துவிட்டது. ஆள் இருக்கிற இடத்தில் ஆள் இல்லை என்று அவளே கொடி ஏற்றிவிட்டாள்.

அந்தக் கணத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

துண்டு.

அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டைக் காலி செய்து போகிறவர்கள் வாசல் கேட்டில் வெள்ளைத் துண்டு கட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்தால் தீயணைப்புத் தொண்டர்கள் உள்ளே நுழைந்து நேரத்தைக் கெடுக்காமல் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். போன தீயின்போது ரொவீனாவும் நெவிலும் சேர்ந்தே வெளியேறினார்கள், அவள்தான் கட்டினாள். அதிலிருந்து துண்டு அவள் காரிலேயே கிடந்தது. இன்று காலை அவள் கேட்டைச் சாத்த இறங்கினாள். சாத்தினாள். அழுதுகொண்டே காரில் ஏறினாள். நடுவில் கை தன்னால் ஒரு வேலை செய்தது. இரண்டு முடிச்சு போட்டது இப்போதும் விரல்களுக்கு நினைவிருந்தது.

எழுந்து, வந்தவர்கள் பெயரைப் பதிகிற மேசைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அங்கே தீயணைப்பு வண்டிகளோடு பேசுகிற வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு மெரில் உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையம் நடத்துகிறவள். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள்.

"மெரில், எங்க சாலைக்குத் தீயணைப்பு வண்டி போச்சா?"

"ஸ்டோனி க்ரீக் தானே? மத்தியானமே போய்ப் பாத்துட்டாங்க கண்ணு. எல்லாக் கேட்டுலயும் துண்டு. ஒருத்தரும் இல்லயாம். நிம்மதியா உக்காரு."

"எங்க வீட்ல ஆள் இருக்கு."

"துண்டு இருக்குன்னு சொன்னாங்களே."

"நான்தான் கட்டினேன். நெவில் உள்ள இருக்கான்."

மெரில் வானொலியில் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். கரகரப்புக்கு நடுவே தொண்டர் படைத் தலைவர் பாக்ஸ்டரின் குரல் வந்தது. காற்று தென்மேற்காகத் திரும்பிவிட்டது, சாலையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, இப்போது யாரையும் உள்ளே அனுப்ப முடியாது, முடிகிற நிமிஷம் போகிறோம் என்றார். அதற்கு அப்புறம் வெறும் இரைச்சல்.

"போறோம்னு சொல்லிட்டாருல்ல" என்றாள் மெரில். அவள் குரலே அதை நம்பவில்லை.

காற்று திரும்பியது கூடத்துக்குள்ளேயே தெரிந்தது. கூரைத் தகடுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஜன்னலுக்கு வெளியே வானம் ஆரஞ்சு நிறமாகி, பிறகு பகலிலேயே இருட்டிவிட்டது. நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

ரொவீனா நாற்காலிக்குத் திரும்பினாள். திரையில் ஆலைக்காரன் ஜன்னலில் நின்றான். பேய்கள் இரண்டு கட்டம் தள்ளி, காலைத் தூக்கியபடி நின்றன. அவள் ஆட்களுக்கு நகர இனி இடம் இல்லை. மிச்சம் இருந்தது அந்த ஒரே ஒரு பொத்தான்தான். அவள் கட்டை விரலை அதிலிருந்து தூர எடுத்துக்கொண்டாள்.

இது முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும். கால்நடை மருத்துவமனையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், சகுனம் பார்க்கிற ஜாதி இல்லை. ஆனால் அவளால் அமுக்க முடியவில்லை. இவன் இங்கே உயிரோடு நிற்கும்வரை அங்கே அவனும் நிற்பான் என்று உள்ளே ஏதோ ஒன்று அடம்பிடித்தது. கருவியின் சார்ஜ் குறைந்தபோது உயிர் போய் உயிர் வந்தது. மெரிலிடம் ஒயர் வாங்கிச் சுவரில் சொருகி, அந்தச் சுவரோரமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைபேசிக்கு இடம் கேட்டு வந்த ஒருவனைப் பார்த்த பார்வையில் அவன் பேசாமல் திரும்பிப் போனான்.

மிலென்கா கூடையோடு பக்கத்தில் வந்து தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"என்னாச்சு? ரொம்ப நேரமா கொத்தவே இல்லயே."

ரொவீனா சொன்னாள். துண்டு, கேட், வண்டி, ஆலைக்காரன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மிலென்காவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதுதான் ரொவீனாவை இன்னும் பயமுறுத்தியது. கிழவி கூடையிலிருந்து ஒரு கோழியைத் தூக்கி ரொவீனாவின் மடியில் வைத்தாள். கோழி கதகதப்பாக இருந்தது. அதன் நெஞ்சும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டோனி க்ரீக்கில் வீடுகள் போய்விட்டன என்று யாரோ வந்து சொன்னார்கள். எந்த வீடு என்று தெரியாது. ஒருத்தி வாய்விட்டு அழுதாள். ரொவீனா அழவில்லை. பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதால் அமுக்கிவிடுவோம் என்று பயந்தாள்.

புகைக்குள் சூரியன் இறங்குகிற நேரத்தில் கூடத்தின் வாசல் திறந்தது. சாலையில் விழுந்த மரங்களைத் தள்ளுகிற இயந்திரத்தின் ஓட்டுநர் முதலில் வந்தார். அவருக்குப் பின்னால், முகமெல்லாம் கரியாக, இரண்டு கையிலும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு நெவில் வந்தான். கழுத்தில் அந்தத் துண்டு. வெள்ளை என்று இனி அதைச் சொல்ல முடியாது.

ரொவீனா மடியிலிருந்த கோழியை இறக்கிவிட்டு எழுவதற்குள் அவனே வந்து சுவரோரம் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"வீடு போச்சு, ரொவீ. பம்ப் நின்னுபோச்சு. குட்டைக்குள்ள படுத்துக்கிட்டேன். கை மட்டும் கொஞ்சம் வெந்துருச்சு."

"நான் துண்டு கட்டிட்டேன்" என்றாள் அவள். "நெவில், நான்தான் கட்டிட்டேன். வண்டி உன்னை விட்டுட்டுப் போயிருச்சு."

"தெரியும். நீ வளைவு திரும்புறதுக்கு முன்னாலயே பாத்துட்டேன்."

"பாத்தியா? அப்ப ஏன் அவுக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். "அவுத்தா உள்ள வருவாங்க. நம்ம வீட்டுத் தடம் உனக்குத் தெரியுமே, வண்டி திரும்ப இடமில்ல. என்னை இழுத்துட்டுப் போக வந்து, அவங்களும் மாட்டிக்கிட்டா? எல்லாம் சின்னப் பசங்க. இருக்கேன்னு முடிவெடுத்தது நான்தானே. கேட்டுகிட்ட வண்டி மெதுவா வந்துச்சு. நான் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். போனப்புறம்தான் துண்ட அவுத்தேன். தண்ணிக்குள்ள முகத்துல போட்டுக்க உதவுச்சு."

ரொவீனா அவனையே பார்த்தாள். பகல் முழுக்க அவளைத் தின்ற பயம் போகவில்லை. வேறு ஒரு பயமாக மாறி உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், காப்பாற்ற வந்த வண்டியைப் பார்த்து ஒளிந்துகொள்கிறவன் என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. வெந்த கையில் எங்கே அடிப்பது? பேசாமல் கருவியை எடுத்து அவன் முன்னால் பிடித்தாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல" என்றான் நெவில். பழக்கத்தில் வந்த பேச்சு. பிறகு திரையைப் பார்த்தான். ஆலை, வெள்ளைக்கொடி, ஜன்னலில் ஆள். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்பலேந்து இப்படியே வச்சிருக்க?"

"மத்தியானத்துலேந்து."

"முதல்லேந்து ஆரம்பிச்சுக்கலாம். பரவால்ல."

"நடந்தது நடந்ததுதான்னு நீதானே சொல்லுவ."

நெவில் துணி சுற்றிய கைகளைத் தூக்கிக் காட்டினான். "அப்ப நீதான் அமுக்கணும்."

அவள் அமுக்கினாள்.

பேய்கள் தூக்கிய காலைக் கீழே வைத்தன. மூடுபனி ஆலைக்குள் நுழைந்தது. ஆலைக்காரன் மண்வெட்டியால் ஒன்றை அடித்தான், அது சரிந்தது. இரண்டாவதையும் ஓங்கினான். மூன்றாவது அவன் பின்னாலிருந்து வந்தது. அவன் விழுந்தபிறகு திரையில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: ஆல்ரிக், ஆலைக்காரன். அதுவரை அவனுக்கு ஒரு பெயர் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

ரொவீனா அழ ஆரம்பித்தாள். கூடமே திரும்பிப் பார்க்கிற அழுகை. புருஷன் உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது இவள் எதற்கு இப்படி அழுகிறாள் என்று மெரில் ஓடி வந்தாள். மிலென்கா கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

"விடு. காலையிலேந்து பிடிச்சு வச்சிருந்தா."

நெவில் தோளால் அவள் தோளில் சாய்ந்துகொண்டான். அவன்மேல் புகையும் குட்டைச் சேறும் நாறின. அழுகை கொஞ்சம் அடங்கியதும் ரொவீனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் கழுத்திலிருந்த துண்டை மெல்ல உருவினாள். அதை மடிக்கவில்லை. அப்படியே சுருட்டித் தன் பையின் அடியில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு அந்தப் பையைத் தனக்குக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.