பச்சையம்மாளின் நிழல் படுத்துக்கொண்டது

வாருங்கள், வந்து இந்த அநியாயத்தைக் கண்ணால் பாருங்கள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத்து இட்லிக் கடையில், பச்சையம்மாள் நிற்கிறாள். அவளுடைய நிழல் படுத்துக்கிடக்கிறது. 1994ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு முற்பகலில் அது முதன்முதலாகப் படுத்தது. அவள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்; நிழல் முழங்காலை மடக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்துச் சுருண்டது. அன்றும் இட்லி பஞ்சுபோல் இருந்ததாகச் சாப்பிட்டவர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பிருந்தே அவளுக்கு அடிவயிற்றில் வலி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் எதற்காக எழுந்தோம் என்ற நினைப்பு. இதைக் கணவன் இருசப்பனிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். "பௌர்ணமி போவட்டும், பாத்துக்கலாம்" என்றான். மலையைச் சுற்ற ஜனங்கள் லட்சமாய்த் திரளும் நாளில் கடையை எப்படி மூடுவது? பௌர்ணமி போயிற்று. ஆனால் பௌர்ணமிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது மறுபடியும் வந்துவிடும். பிறகு இருசப்பனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லும் சிரமமும் இல்லாமல் போயிற்று. அவளே தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாள். அவர்கள் வீட்டுப் பசு நொண்டியபோது மட்டும் பௌர்ணமியன்றே மாட்டு டாக்டர் வந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

நிழல் படுத்ததும் ஊருக்குக் கருணை பொங்கியது. அதற்கு வேப்பிலை அடித்தார்கள், மஞ்சள் நீர் தெளித்தார்கள், தலைமாட்டில் கற்பூரம் கொளுத்தினார்கள். மலையின் திருவிளையாடல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஒரு பக்தர். மிதித்தால் தோஷமா என்று விசாரித்தார் இன்னொருவர். எங்கிருந்தோ வந்த ஓர் அதிகாரி, அது பொதுப் பாதையை ஆக்கிரமிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு வடை தின்றுவிட்டுப் போனார். நின்றுகொண்டிருந்தவளை ஏனென்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை. இருசப்பன் மட்டும் எரிந்து விழுந்தான்: "வேல நேரத்துல இன்னா படுக்க? சனங்க பாக்கறாங்க, எழுப்புடி அத்த." அவள் எழுப்பிப் பார்த்தாள். முடியாதபோது, பிறருக்குப் பணிவிடை செய்தே பழகிய அந்தக் கை நிழலுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தது, போர்வை போர்த்தியது. நிழல் போர்வையின் மேலேறிப் படுத்து நடுங்கியது.

இப்படி ஆறு ஆண்டுகள். நிழல் மெலிந்து, ஓரங்கள் வெளுத்தன. 2000ஆம் ஆண்டு ஐப்பசிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள், நண்பகலில் எல்லோருடைய நிழலும் காலடியில் ஒடுங்கிக் கிடக்க, அவளுடையது மட்டும் நீட்டி நிமிர்ந்து அசையாமல் கிடந்தது. பக்கத்தில் பூக்கட்டும் ஜோதியம்மாள்தான் அதை முதலில் கண்டாள்.

"அடியே பச்ச, அது கால் கட்டவெரல ரெண்டயும் சேத்து வெச்சிக்கினு கீதுடி. கட்டறதுக்குக் கவுறுதான் பாக்கி."

"பௌர்ணமி போவட்டும்க்கா. நாளைக்குத்தான."

"போவும். நீயும் அதோடவே போவ."

பச்சையம்மாள் குனிந்து பார்த்தாள். அந்தக் கால் விரல்களை அடையாளம் கண்டுகொண்டாள். அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். பிறகு சனங்கள் பார்க்க, வெயிலில், தன் நிழலின்மேல் படுத்தாள். அளவு சரியாக இருந்தது.

"இட்லி?" என்றான் இருசப்பன்.

"ஊத்திக்கோங்க" என்றாள்.

ஜோதியம்மாள் அவளை ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் கர்ப்பப்பையில் கட்டி என்றார், உடம்பில் ரத்தமே இல்லை என்றார், இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் தன்னாலும் ஆகியிருக்காது என்றார். பிறகு, "தூக்கம் வருதாம்மா? காரணமில்லாம அழுக வருதா?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளில் அவளிடம் எவரும் கேட்காத கேள்வி அது. பதிலுக்குப் பச்சையம்மாள் அழுத அழுகை ஓயும்வரை டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடவில்லை. கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். மனத்துக்கும் மருந்து கொடுத்து, மாதந்தோறும் வரச் சொன்னார்கள். அந்தக் கார்த்திகைக்கு அவள் கடை திறக்கவில்லை. தீபம் எரிந்தது. மலையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் திரும்பி வந்த நாளில் நிழல் அவளோடு நிமிர்ந்து நடந்து வந்தது. அதுமுதல் அந்தப் பாதையில் எந்தப் பெண்ணின் நிழல் படுத்தாலும் அந்தப் பெண் தன் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், பச்சையம்மாள் துணைக்குப் போகிறாள். பக்தர்கள் ஒதுங்கி நடக்கிறார்கள், யாரும் கற்பூரம் கொளுத்துவதில்லை. அந்நாட்களில் இருசப்பன் ஊற்றும் இட்லி கல்லாக இருக்கிறது. அதையும் தின்கிறார்கள், ஒருவரும் சாகவில்லை.

தாய்மார்களே, நாளைக் காலை வெயிலில் வந்து நில்லுங்கள். குனிந்து உங்கள் நிழலைப் பாருங்கள். அது படுத்திருந்தால் அடுப்பை அணையுங்கள். பௌர்ணமி தானாகப் போய்க்கொள்ளும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.